மோந்து பார்க்கிற வேலை

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்கள். "தம்பி, நீ புனேயில என்னதான் வேலை பாக்குற?" சாப்ட்வேர் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாத்தத்தை அளக்குறேன் அத்தை."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். அன்றிலிருந்து அம்மா எல்லோரிடமும் "சுற்றுச்சூழல்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். எனக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை என்று பாதி ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. நானும் மறுப்பதில்லை.

ஆனால் உண்மை அதுதான். நாற்றத்தை அளப்பதுதான் என் வேலை. கருவி? மனுஷன் மூக்கு. இதை முழுசாகச் சொல்லிப்போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. சொல்லத் தூண்டிய காரணம் கடைசியில் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி. "இவ்வளவு மிஷின் வந்தாச்சே, இன்னுமா மூக்கு?"

மிஷின் இருக்கிறது. எங்கள் லேபிலேயே கேஸ் குரோமடோகிராஃப் உண்டு. ஒரு பை காற்றைக் கொடுத்தால் அதில் எந்தெந்த வாயு எவ்வளவு என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாறுமா நாறாதா என்று சொல்ல முடியாது. அழுகின முட்டை வாசனை தருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். அமோனியாவுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஒரு குப்பை மேட்டிலிருந்து வருகிற காற்றில் இப்படி நூற்றுக்கணக்கான வாயுக்கள் கலந்து வரும். ஒன்றை ஒன்று அமுக்கும், ஒன்றை ஒன்று தூக்கிக்கொடுக்கும். தனித்தனியாக அளந்து கூட்டினால் விடை வராது. ரசப்பொடியில் மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தால் ரசத்தின் வாசனை தெரிந்துவிடுமா? அதே கதைதான்.

மூக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வாசனையைப் பிடிக்கிற ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-ல் கட்டுரை எழுதினார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடம் வேலை செய்கிற ஏற்பி வகைகள் மட்டும் 400 அளவுக்கு இருக்கின்றன. நிறம் பார்க்கிற கண்ணுக்கு இருப்பது மூன்றே வகை. ஆக, உலகத்திலேயே நல்ல கருவியை முகத்தின் நடுவில் ஒட்டவைத்துக்கொண்டுதான் எல்லோரும் திரிகிறோம். அதைத் தராசு மாதிரி ஒழுங்குபடுத்துவதுதான் எங்கள் வேலை.

அளவு எப்படி என்று சொல்கிறேன். யோசனை ரொம்பச் சின்னது. ஒரு நாற்றம் எவ்வளவு பலமானது? அதைச் சுத்தமான காற்றில் எத்தனை மடங்கு கலந்தால் நாற்றம் தெரியாமல் போகிறதோ அவ்வளவு பலம். பாலில் தண்ணீர் கலந்துகொண்டே போவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மடங்கு கலந்த பிறகு, மோந்து பார்ப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரிகிறது, பாதிப்பேருக்குத் தெரியவில்லை என்றால் அந்த மாதிரியின் செறிவு ஆயிரம். அலகின் பெயர் ஓடர் யூனிட். ஒரு கனமீட்டருக்கு இத்தனை ஓடர் யூனிட் என்று எழுதுவோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு யூனிட் என்றால் வாசனையே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு யூனிட் என்றால் பாதிப்பேருக்குத் தெரியவில்லை, மீதிப் பாதிப்பேருக்குத் தெரிகிறது. இந்தப் 'பாதி' பின்னால் மறுபடி வரும்.

காற்றைப் பிடித்து வருவதே ஒரு கலை. பம்பு வழியாகக் காற்றை இழுத்தால் பம்பின் வாசனை ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு கெட்டியான டப்பாவுக்குள் காலிப் பையை வைத்து, டப்பாவில் இருக்கிற காற்றை வெளியே இழுப்போம். பை தானாக விரிந்து, புகைபோக்கிக் காற்றைக் குழாய் வழியே உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் நுரையீரல் செய்கிற வேலைதான். பையும் சாதாரண பிளாஸ்டிக் அல்ல. நாலோஃபான், டெட்லார் என்று வாசனை ஒட்டாத ரகங்கள் உண்டு. பிடித்த 30 மணி நேரத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும். அதற்குமேல் பைக்குள் இருக்கிற வாயு மாறிப்போகும். லாரி டிராஃபிக்கில் மாட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

லேபில் ஆல்ஃபாக்டோமீட்டர் என்று ஒரு பெட்டி. கரி வடிகட்டியில் சுத்தம் செய்த காற்றையும் பையில் இருக்கிற காற்றையும் சரியான விகிதத்தில் கலந்து குழாயில் அனுப்பும். இந்த மாதிரிக் கருவி என்ற யோசனைக்கே நூறு வருஷத்துக்கு மேல் வயசு. ஹாலந்தின் ஸ்வார்டமேக்கர் என்ற மருத்துவர் 1888-லேயே ஒன்று செய்திருக்கிறார். எங்கள் பெட்டியில் மோந்து பார்க்க இரண்டு குழல். ஒன்றில் வெறும் சுத்தக் காற்று, இன்னொன்றில் கலந்த காற்று. எது எதில் என்று கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பவர் இடதா வலதா என்று பட்டனை அமுக்க வேண்டும். கூடவே, சும்மா குத்துமதிப்பா, கொஞ்சம் சந்தேகமா, நிச்சயமா என்றும் சொல்ல வேண்டும். மிக அதிகமாக நீர்த்த காற்றில் ஆரம்பித்து, படிப்படியாக இரண்டிரண்டு மடங்காக நாற்றத்தைக் கூட்டுவோம். எடுத்த எடுப்பில் முழு நாற்றத்தைக் கொடுத்தால் மூக்கு மரத்துப்போய்விடும்.

(ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை ஆபத்தான அளவில் இருக்கிறதா என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் யாரையும் மோக்கவே விடுவோம். அந்த வாயு நூறு பிபிஎம் பக்கம் போனால் மூக்கையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பதற்கு வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சாக்கடைக் குழிக்குள் இறங்கினவர்கள் செத்துப்போகிற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

மோந்து பார்ப்பவர்களைப் பேனல் என்போம். குறைந்தது நான்கு பேர் வேண்டும். எல்லோர் மூக்கையும் எடுத்துக்கொள்ள மாட்டோம். 2003-ல் வந்து 2022-ல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தரநிலை ஒன்று இருக்கிறது, எண் 13725. எங்கள் லேப் பின்பற்றுவது அதைத்தான். அதன்படி ஒவ்வொருவருக்கும் பியூட்டனால் பரீட்சை. பியூட்டனால் ஒரு ஆல்கஹால். கிட்டத்தட்ட வைட்போர்டு மார்க்கரின் வாசனை. ஒரு கனமீட்டர் காற்றில் 123 மைக்ரோகிராம் பியூட்டனால் இருந்தால் அது ஒரு யூனிட் என்று ஒப்பந்தம். உங்கள் மூக்கு 62-க்கும் 246-க்கும் நடுவில் கண்டுபிடித்தால் பாஸ். அதற்கு மேலே போனால் மந்த மூக்கு, வேண்டாம். 62-க்குக் கீழேயே கண்டுபிடித்தால்? அதுவும் ஃபெயில்! மோப்ப நாய் மாதிரி மூக்கு இருந்தாலும் வேலை கிடைக்காது. ஊருக்கு நடுவில் இருக்கிற மூக்குத்தான் வேண்டும்.

அதுவும் ஒரே நாளில் பாஸாக முடியாது. குறைந்தது மூன்று தனித்தனி நாட்களில் பத்து தடவையாவது எழுத வேண்டும். எண்கள் ரொம்பச் சிதறக்கூடாது. இன்றைக்கு 80, நாளைக்கு 900 என்றால் அந்த மூக்கை நம்பி ரிப்போர்ட் போட முடியாது.

பேனல் நாளில் கட்டுப்பாடுகள் உண்டு. சென்ட் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. அரைமணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் போடக்கூடாது. சளி பிடித்தால் லீவு. எங்கள் பேனலில் கணக்குப் பிரிவில் ஒருவர், கல்லூரிப் பையன்கள் இருவர், பிறகு எங்கள் கேன்டீன் மாவ்ஷி. மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா. இங்கே டீ போடுகிற, பெருக்குகிற அம்மாக்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். தினமும் தலையில் கஜ்ரா வைத்துக்கொண்டு வருவார். பேனல் இருந்தால் மட்டும் அதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து உட்காருவார். பியூட்டனாலில் அவர் எண் எப்போதும் 100 பக்கம். நல்ல நடுவாந்திர மூக்கு. ஆனால் கெட்டுப்போன, அழுகின வாசனைகளில் மட்டும் மற்றவர்களுக்கு இரண்டு மூன்று படி முன்னாலேயே பட்டனை அமுக்கிவிடுவார். "பால் திரியப்போகுதுன்னு மூக்கு சொல்லாம பாத்திரமா சொல்லும்?" என்பார்.

இது இந்த முறையில் இருக்கிற ஓட்டையும்கூட. பியூட்டனாலில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மூக்குகள் வேறு நாற்றத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனி 2019 கதைக்கு வருகிறேன். கழிவிலிருந்து உரம் செய்கிற ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். பக்கத்தில் வீடுகள் வந்துவிட்டன. ராத்திரியில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று புகார். ஆலைக்காரர்கள் பயோஃபில்டர் போட்டார்கள். மரச் செதில், தேங்காய் நார் மாதிரிப் பொருட்களால் ஆன ஈரப் படுக்கை ஒன்றின் வழியாக நாற்றக் காற்றை விடுவது. அதில் வளர்கிற கிருமிகள் நாற்றத்தைத் தின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். போட்டுக் கொடுத்தவர்கள் வெளியே வருகிற காற்று 800 யூனிட்டுக்குக் கீழே இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை அளந்து சொல்வது எங்கள் வேலை.

நம் நாட்டில் நாற்றத்துக்கு இத்தனை யூனிட்தான் என்று வெளிக்காற்றுத் தரத்தில் வரம்பு போடவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-ல் நாற்றம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2009-ல் வந்த தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் இருக்கின்றன. அமோனியா கூட உண்டு, நாற்றம் என்று ஒரு வரி இல்லை. அதனால் இந்த மாதிரி ஒப்பந்த எண்கள்தான் பல இடங்களில் கதி.

சோதனை முடிந்தது. எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். நான்கு பேர் வாசல் எண்கள்: 362, 724, 724, 2896. கடைசி எண் மாவ்ஷியுடையது. சாதாரணச் சராசரி போட மாட்டோம், பெருக்கல் சராசரிதான். மூக்கு கூட்டலில் வேலை செய்வதில்லை, மடங்கில்தான் வேலை செய்கிறது. விடை 861.

ஆலை மேனேஜர் எங்கள் ஆபீசிலேயே காத்திருந்தார். ஷீட்டில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். "மூணாம் நம்பர் யாரு? அது மட்டும் தனியா நிக்குது பாருங்க. அதை எடுத்துட்டா?"

எடுத்துவிட்டால் 575. எனக்கும் மனசுக்குள் கணக்கு ஓடிவிட்டது. பொய் சொல்ல விரும்பவில்லை, ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. பெரிய ஆலை. வருஷத்துக்கு நான்கு தடவை வேலை வரும்.

தரநிலையில் ஆளை எடுக்கிற விதி இருக்கத்தான் செய்கிறது. ஒருவரின் எண் பேனல் சராசரியைவிட ஐந்து மடங்குக்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால் அவரை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட வேண்டும். மாவ்ஷியின் 2896-ஐ 861-ஆல் வகுத்தால் மூன்றே கால் சொச்சம். ஐந்தைத் தொடவில்லை. எடுக்கக் காரணம் இல்லை. எடுத்தாலும் மிஞ்சுவது மூன்று பேர், அந்தச் சோதனையே செல்லாது.

இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. ஜப்பானில் எடுக்கிறார்களே என்றார். படித்துவிட்டு வந்திருக்கிறார்! உண்மைதான். ஜப்பானில் 1971-லேயே நாற்றத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே மூன்று பை முறை. மூன்று பைகளில் ஒன்றில் மட்டும் நாற்றம், எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சோதனையை நடத்துகிறவர்களுக்குத் தேசிய அளவில் பரீட்சை வைத்துச் சான்றிதழே கொடுக்கிறார்கள். ஆலையிலிருந்து வருகிற காற்றுக்கு ஆறு பேர் பேனல். அதில் மேலே ஒருவரையும் கீழே ஒருவரையும் வெட்டிவிடுவார்கள். மாவ்ஷி அங்கே இருந்திருந்தால் வெட்டுப்பட்டிருப்பார்.

ஆனால் அங்கே 362 சொன்ன மந்த மூக்கும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். நீங்கள் ஒருத்தரை மட்டும்தானே எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வெட்டலாம் சார், ஆனால் வெட்டுவது எப்படி என்று எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு வெட்டினால் அதற்குப் பெயர் வேறு.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. 861-க்கும் 800-க்கும் உண்மையில் வித்தியாசமே சொல்ல முடியாது. ஒரே லேபில் ஒரே காற்றை இரண்டு தடவை அளந்தால், இரண்டு விடைக்கும் நடுவில் மூன்று மடங்குவரை வித்தியாசம் இருந்தாலும் தரநிலை ஏற்றுக்கொள்கிறது. மூக்கு அவ்வளவுதான். ஆகவே "ஃபெயில்" என்று நான் எழுதவில்லை. 861 என்று எழுதி, எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் எழுதினேன். கூடவே ஒரு பாரா சேர்த்தேன். மாதிரி எடுத்தது காலை 11 மணிக்கு. புகார் வருவது ராத்திரியில். ராத்திரியில் காற்று அசையாமல் தரையோடு படுத்துக்கொள்ளும், நாற்றம் கலைந்து போக வழியிருக்காது. அந்த நேரத்திலும் ஒருமுறை அளக்க வேண்டும் என்று எழுதினேன். மாதிரி எடுக்கப் போன அன்று வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எப்பவும் பகல்லதான் வர்றீங்க" என்று இந்தியில் சொன்னது காதிலேயே இருந்தது.

ரிப்போர்ட் போனது. பில் தொகை வந்தது. அந்த ஆலையிலிருந்து எங்களுக்கு மறுபடி வேலை வரவில்லை. எங்கள் பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததே கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து டீ குடிக்கும்போது, ஆலையின் பெயரைச் சொல்லாமல், இப்படி ஒருவரை எடுக்கச் சொன்னார்கள் என்று மாவ்ஷியிடம் சொன்னேன். தன்னைத்தான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இஞ்சி தட்டிக்கொண்டே கேட்டார். "நாத்தம் தெரியாதவனைக் கேட்டு என்ன சாஹேப் பிரயோஜனம்? தெரியறவளைத்தானே கேக்கணும்? அங்க குடியிருக்கறவங்கள்ள என்னை மாதிரி ஒருத்தி இருக்க மாட்டாளா?"

இருப்பாள். அதுதான் அந்தப் 'பாதி'. நாம் சராசரி போட்டு ஒரு எண் கொடுத்துவிடுகிறோம். சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

2021 ஏப்ரலில் எனக்கும் கோவிட் வந்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. மூன்றாம் நாள் மனைவி மிளகு ரசம் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்தாள். எடுத்து வாயில் வைத்தால் வெந்நீர். பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மூக்கில் கவிழ்க்காத குறையாக மோந்தேன். ஒன்றுமே இல்லை. உலகத்தின் ஒரு பக்கத்துக் கதவை யாரோ சாத்திவிட்டுப் போனது மாதிரி.

எல்லோருக்கும் வருகிறது, போய்விடும் என்றார்கள். மனைவிக்கு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. எனக்கு வரவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போகிறவரை பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த மகள்தான் ஓடிப்போய் அணைத்தாள். "அப்பா, உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?" என்று கேட்டாள். சமையல் கேசில் வாசனைக்கென்றே மெர்காப்டன் கலந்து விற்கிறார்கள். அது கசிந்தாலும் எனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது அடுப்பைத் தொடுவதை நிறுத்திவிட்டேன்.

லேப் திறந்ததும் யாரும் வருவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து பியூட்டனால் பரீட்சை எழுதினேன். கடைசிப் படிவரைக்கும் குத்துமதிப்புத்தான். பல வருஷமாக என் எண் 140 பக்கம் இருந்தது. பேனல் பட்டியலில் என் பெயரை நானே அடித்தேன். ஆல்ஃபாக்டோமீட்டரை ஓட்டுவதற்கு மூக்கு தேவையில்லை, அதனால் வேலை போகவில்லை. ஆனால் ஊரார் மூக்கை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூக்கு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி இருந்தது. அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை.

டாக்டர் முகர்வுப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியின் ஹும்மல் என்பவரும் கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்த வாசனையை மனசில் நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். மாதக்கணக்கில். கிராம்பு அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. அம்மாவிடம் கடைசியில் விஷயத்தைச் சொன்னபோது அழவில்லை. நீலகிரித் தைலம் இரண்டு பாட்டில் பார்சலில் வந்தது. கூடவே, கேட்காமலேயே, அரைக்கிலோ ஃபில்டர் காபிப்பொடி.

ஆறு மாதத்துக்குப் பிறகு கிராம்பு லேசாக வந்தது. ஆனால் வந்ததெல்லாம் வேறு உருவத்தில் வந்தது. காபிப் பொட்டலத்தைப் பிரித்தால் ரப்பர் கருகின வாசனை. வெங்காயம் வதக்கினால் குமட்டல். இதற்கும் ஒரு பெயர் உண்டு, பாரோஸ்மியா. கோவிட்டுக்குப் பிறகு நிறையப் பேருக்கு வந்தது. காபிதான் பலருக்கும் முதல் எதிரி. ஊரில் அம்மா போடுகிற டிகாக்ஷன் வாசனைக்கே எழுந்திருந்து வளர்ந்தவன், வீட்டில் காபி போட்டால் பால்கனிக்கு ஓடினேன்.

2023-ல் மறுபடி பியூட்டனால் எழுத ஆரம்பித்தேன். மூன்று நாள், பன்னிரண்டு தடவை. சராசரி 190. சிதறலும் வரம்புக்குள்தான். விதிப்படி பாஸ். பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

எழுதவில்லை. அந்தப் பரீட்சை, வாசனை தெரிகிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்பதில்லை. செறிவு வேறு, குணம் வேறு. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை நாலு கழித்தலிலிருந்து நாலு கூட்டல்வரை மதிப்பெண் போட்டு அளக்க ஜெர்மன்காரர்கள் தனியாகவே ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். பேக்கரிக்காற்றும் சாக்கடைக்காற்றும் இரண்டுமே 500 யூனிட் இருக்கலாம். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். எங்கள் மிஷினும் பழந்தமிழ் மாதிரிதான், இரண்டையும் பிரிக்காது. என் மூக்குக்கு எண் சரி, வாசனை தப்பு. செறிவை மட்டும் அளக்கிற பேனலில் விதி என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் எனக்கே நம்பிக்கை இல்லாத மூக்கை வைத்து இன்னொருத்தர் ஜன்னலுக்கு எண் சொல்ல மனசு வரவில்லை. விதியை மீறி ஆளை எடுக்க மாட்டேன் என்று சொன்னவன், விதி இடம்கொடுத்தும் தன்னை எடுத்துக்கொண்டது முரணாக இருக்கலாம். ஆனால் நான் விலகியது எந்த எண்ணையும் பார்த்துவிட்டு அல்ல. பேனல் தொடங்குவதற்கு முன்னாலேயே விலகிக்கொண்டேன்.

மாவ்ஷி இன்னும் பேனலில்தான் இருக்கிறார். கஜ்ராவும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. சில நாள் டீயை என் முகத்துக்கு நேரே நீட்டி "என்ன போட்டிருக்கேன் சொல்லுங்க சாஹேப்" என்பார். இஞ்சி என்றால் தலையாட்டுவார். ஏலக்காயை இன்னும் தவறவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி காபி போடும்போது பால்கனிக்குப் போகாமல் நின்று பார்த்தேன். ரப்பர் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், ரொம்பத் தூரத்தில், ஊர் வீட்டு அடுக்களை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. உடனே போய்விட்டது. "என்னங்க, ஏன் அப்படியே நிக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று சாயந்திரம் அம்மா போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "காப்பி வாசனை வருதாப்பா?"

"பாதி வருதும்மா."

"பாதிதானா?"

பாதி என்றால் எங்கள் கணக்கில் ஒரு முழு யூனிட் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?